கைக்கு அடக்கமான போன்

போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மச்சான் என்ன வைத்திருக்கிறான் என்று பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது கையை. எந்தக் கை அதைப் பிடிக்கப் போகிறது, பெருவிரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்து வாங்கினால் பிறகு வருகிற கரைச்சலில் பாதி வராது. மற்ற எல்லாவற்றையும் பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை. அந்தக் கவலை எனக்கு இப்போதும் உண்டு.

ஐயா, நேற்று நான் சொன்னதையெல்லாம் உங்கள் சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார். அவர் பிழையாக எழுதியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரியாத ஒன்றுக்குக் கீழே பெயரைப் போட எனக்கு மனமில்லை. அதனால்தான் கடதாசி கேட்டேன். ஒரு மறுப்பும் சொல்லாமல் தந்தீர்கள், தேத்தண்ணியும் எடுப்பித்துத் தந்தீர்கள். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, மற்றப்படி நல்ல தேத்தண்ணி.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு கேள்விதான். எழும்பி இருக்கவே முடியாத ஒரு மனுசிக்கு மூன்று போன் எதற்கு? மூன்றையும் பொலித்தீன் உறைகளில் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் ஒட்டி மேசையில் வைத்திருக்கிறீர்கள். தற்செயலாக அதுவே சரியான ஒழுங்கு. அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் பத்மாவதி. வயது அறுபத்தொன்று. கலியாணம் கட்டவில்லை. இருபத்தாறு வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் படம் திருத்துகிற வேலை. முதலில் தூரிகையால், பிறகு கொம்பியூட்டரில். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படம் என்றால் என்னிடம்தான் வரும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, பல்லின் மிதப்பு, ஒன்றும் என் கையைத் தாண்டிப் போகாது. இதை ஏமாற்று என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐயா, அத்தனை வருடத்தில் ஒருவராவது படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, என் தழும்பை இருந்த இடத்திலேயே போட்டுத் தாருங்கள் என்று கேட்டதில்லை.

சரோஜினிதேவி என் பெரியம்மாவின் மகள். எனக்குச் சரோ அக்கா. என்னைவிடப் பத்தொன்பது வயது மூப்பு. அத்தான் காலமாகிப் பத்து வருடம். மகன் கார்த்திகன் லண்டனில், மகள் சாருஜா கனடாவில். அக்கா மட்டும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி வீட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கதை குழறும், ஆனால் விளங்கும். இடக்கை நல்லாகத்தான் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இடக்கை நல்லாகத்தான் இருந்தது.

அக்காவைப் பார்க்க அட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். சிவமணி என்று பெயர். ஸ்டூடியோ மூடியபிறகு, "சின்னம்மா, நீங்கள் வந்து அம்மாவோட இருங்கோ, அந்தப் பிள்ளையையும் ஒரு கண் பாத்துக்கொள்ளுங்கோ" என்று கார்த்திகன் கூப்பிட்டான். கொட்டாஞ்சேனையில் நான் இருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். இங்கே எனக்குத் தந்த அறையில் படுத்தபடியே கடலைப் பார்க்கலாம். ரயில் போகும்போது கட்டில் மெல்ல அதிரும். அந்த அதிர்வுகூட எனக்குப் பிடித்திருந்தது.

நான் வந்து ஒரு மாதத்தில் அக்காவின் குதிகாலில் சின்னச் சிவப்பு ஒன்று தெரிந்தது. இரண்டு ரூபாய்க் காசுக் குத்தியளவு. உண்மையில் அதைக் கண்டது நானில்லை, சிவமணிதான். "பாருங்கம்மா, இதுக்கு ஒரு மருந்து வாங்கித் தாங்க, இப்பயே பூசினா காய்ஞ்சிரும்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் அதைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். படத்தின் கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் சிவமணி தன் பையைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். போகும்போது அழுதாள். அக்காவும் அழுதார். "வெளி ஆக்களை நம்பவே ஏலாது சின்னம்மா, இனி நீங்கள்தான்" என்று சாருஜா சொன்னாள்.

பூச்சு மருந்து வாங்கிப் பூசினேன், நாலு நாளில் அந்தச் சிவப்புக் காய்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை சொன்னது சரிதான்.

இப்போது உங்கள் இலக்கம் ஒன்று. சாருஜா கனடாவிலிருந்து அனுப்பியது. மூன்றிலும் பெரியது அதுதான், ஒரு சின்னப் பலகை அளவு வரும். அம்மாவுக்கு எல்லாரும் பெரிதாகத் தெரியவேண்டும் என்று பார்த்து வாங்கினாளாம். பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கு எடுப்பார்கள். அப்போது லண்டனில் பகல், கனடாவில் காலை. நான் போனைக் கட்டிலின் கால்மாட்டில் தாங்கியில் நிறுத்திவிடுவேன். பெரிய போன்களில் ஒரு குணம் இருக்கிறது, ஐயா. நமக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நம்முடையது அவ்வளவும் தெரிகிறது. தலையணை, போர்வை, மேசையில் ஆறிப்போன சாப்பாடு, எல்லாம்.

ஒரு நாள் சாருஜா கேட்டாள்.

"சின்னம்மா, அம்மாட கையில அது என்ன துணி?"

"சேலைன் ஏத்தினது பிள்ளை. ஆட்டாமல் இருக்க டொக்டர் கட்டச் சொன்னவர்."

"ஐயோ பாவம். நோகுதோ அம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார்.

சேலைன் ஏற்றவில்லை. அக்காவுக்கு அந்த இடக்கை சும்மா இராது. முதுகுப் பக்கம் போய்ப் போய் மலசலத் துணியை இழுக்கும், அதைக் கழுவித் துடைக்கிற வேலை எனக்கு நாளுக்கு மூன்று தரம் வரும். எனக்கும் இடுப்பு வருத்தம் தொடங்கியிருந்தது. பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டில் சட்டத்தோடு கட்டினேன். இறுக்கிக் கட்டவில்லை. இரண்டு விரல் உள்ளே போகிற இடைவெளி விட்டுத்தான் கட்டினேன். அன்றைக்குப் பிறகு இலக்கம் ஒன்றை ஒதுக்கிவிட்டேன். சரியான கனம், பிடித்து நின்றால் கை உளைகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அது பொய்யில்லை, அந்தப் போன் கனம்தான். நீங்களும் தூக்கிப் பார்த்தீர்கள்.

அந்த மாதத்தில்தான் முதுகின் அடியில் ஒரு சிவப்பு வந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சிவமணி ஒரு கடதாசியில் நேரம் போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். கொஞ்ச நாள் செய்தேன். அக்கா மெலிந்திருந்தாலும் எலும்பு கனத்த உடம்பு. இடுப்பு வருத்தம் கூடிய ஒரு கிழமை புரட்டவில்லை. அந்தக் கிழமையில் சிவப்பு கறுப்பானது.

டொக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். மாதத்துக்கு ஒருக்கால் வீட்டுக்கு வந்து பார்க்கிற டொக்டர் ஒருவர் இருந்தார். அவர் கண்டால் பிள்ளைகளுக்குச் சொல்வார். ஒரு ஆளை வீட்டைவிட்டு அனுப்ப எவ்வளவு சின்னப் படம் போதும் என்று எனக்குத்தான் நல்லாகத் தெரியுமே. கொட்டாஞ்சேனை அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அப்படிப் பயந்துதான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் குளிர் தேசத்தில் வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறார்கள். அவர்களின் நிம்மதியைத்தான் நான் முதலில் நினைத்தேன். பிள்ளைகள் வேறு டொக்டரை ஒழுங்கு செய்துவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுசர், சந்தோசமென்றார்.

இலக்கம் இரண்டு, கனம் குறைந்ததாக இருக்கட்டும் என்று கார்த்திகன் கொடுத்துவிட்டது. சித்திரை வருசத்துக்கு வந்த அவனுடைய கூட்டாளி ஒருவர் கொண்டுவந்து தந்தார். கமராவைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் நம்பலாம். அதைப்போல ஒரு கமராவை நான் வேலை செய்த காலத்தில் கண்டதில்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும், புருவத்தில் எத்தனை மயிர் என்று எண்ணலாம். ஸ்டூடியோவில் இருந்திருந்தால் அதைக் கும்பிட்டிருப்பேன். நோயாளியின் அறைக்கு அது கூடாது.

முதல் நாளே கார்த்திகன் கேட்டான், "அம்மாட சொண்டு ஏன் இப்பிடி வெடிச்சிருக்கு?"

"வெக்கை தம்பி. இந்த வருசம் கொழும்பில சரியான வெக்கை."

"கண்ணும் உள்ளுக்குப் போயிட்டுது. மெலிஞ்சும் போனா. சாப்பிடுறாவோ?"

"வயசு போகுதெல்லே."

இரண்டாம் நாள் சாருஜா, அம்மாவின் தலையணையில் இலையான் மொய்க்கிறது என்றாள். மூன்றாம் நாள் இருவரும் எனக்குக் கேட்காத மாதிரித் தங்களுக்குள் இங்கிலீசில் கதைத்தார்கள். லீவு போட்டு ஒருக்கால் வந்து பார்ப்பமா என்று அவள் கேட்க, பாடசாலை விடுமுறைக்குத்தான் ஏலும் என்று அவன் சொன்னான். ஒரு நல்ல கமரா மூன்று நாளில் ஒரு குடும்பத்தின் நித்திரையைக் கெடுத்துவிட்டது. நாலாம் நாள் நான் அந்தப் போன் குளியலறையில் விழுந்துவிட்டதென்று சொன்னேன். நீங்கள் அதை அலுமாரியில் பெட்டியோடு எடுத்தீர்கள். ஒரு கீறல்கூட இல்லை. பொருட்களை நான் அப்படித்தான் வைத்திருப்பேன்.

மூன்றாவதை நானே தெரிந்தெடுத்தேன். காலி வீதியில் பாயிஸ் என்று ஒரு தம்பியின் கடை, எங்கள் ஒழுங்கை முடக்கிலிருந்து பத்துக் கடை தள்ளி. ஒரு பகல் முழுக்க அவனை நான் கரைச்சல்படுத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுப்பித்து, முன் கமராவில் என் முகத்தையே பார்த்தேன்.

"அன்ட்டி, இத எடுங்க. கமரா சூப்பர். மொகத்துல ஒரு புள்ளி தப்பாது."

"தப்பவேணும் தம்பி. அப்பிடி ஒண்டு இருக்கோ?"

அவன் சிரித்தான். "எல்லாரும் கமரா நல்லா இரிக்கான்னு கேக்குற. நீங்க மட்டும் மத்தப் பக்கமா கேக்குறீங்க." பிறகு அடித்தட்டிலிருந்து ஒரு சின்னப் போனை எடுத்தான். "இது செல்ஃபி எடுக்குற சின்னப் பொண்ணுங்க வாங்குற. மொகத்த அதுவே மெழுகிக் குடுக்கும். கன்னத்துல கொஞ்சம் ரோசும் போடும்."

"நிப்பாட்ட ஏலாதோ?"

"நிப்பாட்டினாலும் கொஞ்சம் இரிக்கும் அன்ட்டி. அது அதோட கொணம்."

பார்த்தேன். என் கண்ணுக்குக் கீழே இருந்த பை போய்விட்டது. இருபத்தாறு வருடம் நான் மணிக்கணக்கில் இருந்து செய்த வேலையை அந்தச் சாமான் கண் மூடித் திறக்க முதல் செய்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அளவும் வாய்த்தது. சின்னத் திரை, உள்ளங்கைக்குள் அடங்கும். முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் முகம் மட்டும்தான் தெரியும், கழுத்துக்குக் கீழே ஒன்றும் வராது. அடுத்தது பாட்டு. மற்ற இரண்டிலும் மெமரி காட் போட இடமில்லை, இருக்கிற இடமும் பிள்ளைகளின் படங்களால் நிரம்பிவிட்டது. இதில் காட் போடலாம். தேவாரம், நாதஸ்வரக் கச்சேரி, பழைய சினிமாப் பாட்டு என்று பாயிஸ் நாலாயிரத்து இருநூறு பாட்டு ஏற்றித் தந்தான். நான் கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் போட்டாலும் இருபத்தாறு நாளைக்கு ஒரு பாட்டும் திரும்ப வராது.

அவ்வளவு பாட்டு ஏன் தேவைப்பட்டதென்றால், அடுத்த வீட்டில் றலியா இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இலக்கம் ஒன்றில் இருந்த நாற்பது ஐம்பது பாட்டைத்தான் முதலில் திருப்பித் திருப்பிப் போட்டேன். லிப்டுக்குள் றலியா கேட்டார், "என்ன பத்மாக்கா, தெனம் பத்து மணிக்கு அதே பாட்டுத்தானா? பாட்டு முடிஞ்சா அம்மா கூப்புடுற மாதிரி ஒரு சத்தமும் கேக்குது." கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே பாட்டு திரும்ப வந்தால் ஆட்கள் அதைக் கேட்பதை விட்டுவிட்டு, இடையில் வருவதைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். புதுப் பாட்டாக வந்துகொண்டிருந்தால் பாட்டைத்தான் கேட்பார்கள். புதுப் போன் வந்தபிறகு, "நல்ல பாட்டெல்லாம் போடுறீங்க" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடி மூக்கைச் சுளித்தார், பிறகு தான் சுளித்ததற்குத் தானே வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தார். உள்ளே சாம்பிராணி போட்டுத்தான் இருந்தது. போன்களை எத்தனை விதமாக ஒப்பிட்டாலும் மணத்தை அனுப்புகிற போன் ஒன்றும் இன்னும் வரவில்லை. வாசலில் நிற்கிறவருக்கு அது பொருந்தாது.

"என் மக பர்ஹாவ ஒருக்கா வந்து அம்மாவப் பாக்கச் சொல்லவா? அவ நர்ஸ்தானே, சும்மா வந்து பாத்துட்டுப் போவா."

"வேண்டாம் றலியா. டொக்டர் நேற்றுத்தான் வந்து பாத்திட்டுப் போனவர்."

"அப்ப சரி."

அந்த வட்டிலப்பத்தை நான்தான் சாப்பிட்டேன். அக்காவுக்கு அப்போது விழுங்குவது கஷ்டம்.

ஒவ்வொரு காலையும் முகத்தைத் துடைத்து, திருநீறு பூசி, பவுடர் போட்டு, அந்தச் சின்னப் போனால் ஒரு படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போடுவேன். இருபத்துமூன்று பேர் இருக்கிற குறூப். மெல்பேர்னில் இருக்கிற மாமி, 'சரோ என்ன வடிவாயிருக்கிறா, எல்லாம் பத்மாவின் கைராசி' என்று எழுதுவார். கார்த்திகன், 'சின்னம்மா எங்களுக்குத் தெய்வம்' என்று எழுதினான். இதயம், கும்பிடுகிற கை, பூ, எல்லாம் வரும். கலியாணம் கட்டாத, ஒரு ஸ்டூடியோவின் பின்னறையிலேயே தலை நரைத்த என்னைப் பற்றி அதற்கு முன் யாரும் ஒரு நல்ல வார்த்தை எழுதியதில்லை. நான் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுவேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

போர்வைக்குக் கீழே இருந்ததைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் டொக்டரின் அறிக்கையில் அது சென்ரிமீற்றர் கணக்கில் இருக்கிறது.

ஓகஸ்டில் அக்காவுக்கு எண்பது. சாருஜா கனடாவிலிருந்து லண்டனுக்குப் போய், இருவருமாக ஒரு மண்டபம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு கொண்டாட்டம் வைத்தார்கள். பெரிய திரையில் அம்மாவைக் காட்டி எல்லாரும் வாழ்த்துவதாக ஏற்பாடு. அதற்குப் பதிலாக இங்கேயே வந்து கொண்டாடலாமே என்று எனக்குப் பட்டது. அந்தத் திகதிக்குக் கொழும்புக்கு ரிக்கற் கிடைக்கவில்லையாம். அக்காவுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சேலை அனுப்பியிருந்தார்கள்.

அக்கா அன்றைக்குக் காலை பதினொன்றரை போலச் செத்துவிட்டார். ஒரு ரயில் போனது, கட்டில் அதிர்ந்தது, அதிர்வு நின்றபோது மூச்சும் நின்றிருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அழுதேன். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அழுதேன். பிறகு மணியைப் பார்த்தேன். ஏழு மணித்தியாலம் இருந்தது. அறுபது பேர் மண்டபத்துக்கு வரப் போகிறார்கள், கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் பாட்டுப் பழகியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எடுத்து இதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அக்காவின் கண்ணை மூடிவிட்டேன். முகம் துடைத்து, திருநீறு பூசி, புதுச் சேலையைக் கழுத்துவரை போர்த்தி, நாதஸ்வரத்தை மெல்லிய சத்தத்தில் போட்டேன். ஆறரைக்குப் போன் வந்தது.

"மருந்து குடிச்சு இப்பதான் நித்திரையானவ, தம்பி. எழுப்பினால் தலையிடி வரும்" என்றேன்.

"வேண்டாம் சின்னம்மா, எழுப்பாதேங்கோ. அப்பிடியே காட்டுங்கோ, அது காணும்."

காட்டினேன். அந்தப் போன் முகத்தைத் தேடிப் பிடித்து, மெழுகி, கன்னத்தில் அந்த மெல்லிய ரோசையும் போட்டது. உயிரோடு இருக்கும்போது போட்டது எப்படியோ அப்படியே. அறுபது பேரும் எழும்பி நின்று பாடினார்கள். சாருஜா அழுதுகொண்டு சொன்னாள், "அம்மாட முகத்தில எவ்வளவு நிம்மதி." அதுவும் பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை பாட்டை நிறுத்தினேன். இனித் தேவையில்லையே. பத்து நிமிசத்தில் கதவு தட்டப்பட்டது. மூன்று மாதமாகப் பாட்டுக்குப் பழகிவிட்ட சுவர், அது நின்றதும் றலியாவை எழுப்பிவிட்டிருக்கிறது. கூடப் பர்ஹாவும் வந்திருந்தாள். தாய் வாசலில் என்னோடு கதைத்துக்கொண்டிருக்க மகள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். போர்வையைத் தூக்கினாள். தூக்கியவள் திரும்ப மூடவே இல்லை. மற்றது உங்களுக்குத் தெரியும்.

இனி, நீங்கள் இன்றைக்குக் காலையில் கேட்ட விசயம். அக்கா சாவதற்கு மூன்று நாளைக்கு முன், வியாழக்கிழமை, குறூப்பில் ஒரு வொயிஸ் மெசேஜ் போய் அழிக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது நான் அனுப்பியதில்லை. அக்கா அனுப்பியது.

அன்றைக்குத் தண்ணீர் பருக்கக் கையை அவிழ்த்துவிட்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டுக் குசினிக்குப் போனேன். குறூப்பில் வந்ததை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டேன். இலக்கம் ஒன்றாக இருந்திருந்தால் அக்காவால் அதை அசைத்திருக்கவே முடியாது. இரண்டாக இருந்தாலும் வழுக்கி விழுந்திருக்கும். மூன்றாவது அந்த இடக்கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. பக்கவாதம் வருவதற்கு முன் அக்கா பிள்ளைகளுக்கு நாள் முழுக்க வொயிஸ் மெசேஜ் போடுகிறவர். எந்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தவேண்டும் என்று அந்த விரலுக்கு மறக்கவில்லை. நான் பாலோடு வரும்போது போன் அவரின் நெஞ்சில் இருந்தது.

நாற்பது செக்கன். போட்டுக் கேட்டேன். பின்னால் நாதஸ்வரம், முன்னால் அந்தக் குழறல். ஒரு சொல்லும் நான் மறக்கவில்லை.

"பிள்ளையள், ஆராவது ஒராள் வாங்கோ. முதுகு நெருப்பா எரியுது. பத்மாவை ஏசாதேங்கோ. அவள் கெட்டவள் இல்லை, பயந்துபோய் நிக்கிறாள். வந்து ஒருக்காப் பாருங்கோ."

அழித்தேன். எல்லாருடைய போனிலிருந்தும் போகிற மாதிரி அழித்தேன். இன்னும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அன்று பின்னேரம் கார்த்திகன், 'என்ன சின்னம்மா அழிச்சனீங்கள்' என்று எழுதினான். 'விரல் தவறுதலாப் பட்டிட்டுது' என்று எழுதினேன். ஒரு சிரிக்கிற முகம் போட்டான். அதோடு அந்த விசயம் முடிந்தது.

அழித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தபடி, கட்டுவதற்கு இடக்கையைத் தானே நீட்டினார். நான் கட்டினேன்.

வியாழக்கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம் என்று உங்கள் டொக்டர் சொன்னாராம். எனக்கும் அது அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் அழித்தேன், தெரிந்துகொண்டுதான் கட்டினேன். இதை நீங்கள் சிங்களத்தில் எப்படி வேண்டுமென்றாலும் எழுதலாம், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அழித்த மெசேஜைத் திரும்ப எடுக்க ஏலும் என்று உங்கள் ஆள் சொன்னார். எடுங்கள், ஐயா, எனக்கு அதில் ஒரு பயமுமில்லை. பத்மா கெட்டவள் இல்லை என்று அக்கா தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார், வேறு சாட்சி எனக்கு எதற்கு? அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இருப்பது அவர்களுக்கு வேண்டாம்.